காற்றுத் துப்பாக்கி வேட்டை

காற்றுத் துப்பாக்கி என்றதும் நம்மவர்களுக்குக் கடற்கரைப் பலூன் கடைதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலோ அது மான் வேட்டைக்குப் போன ஆயுதம். இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, 1580-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட துருத்தித் துப்பாக்கி. ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கால வெடிமருந்து மழையில் நனைந்தால் உதவாது. சுட்டதும் எழும் புகை வேட்டைக்காரரின் கண்ணையே மறைக்கும். காற்றில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட்டை ஆண்ட எட்டாம் லுட்விக் (1691–1768) பெரிய ஆண் மான்களையே இதனால் வீழ்த்தினார். விலை மட்டும் பிரபுக்களுக்கே எட்டும்.

போர்க்களத்திலும் அது கொஞ்சகாலம் வாழ்ந்தது. டைரோல் பகுதியைச் சேர்ந்த பார்த்தலோமியோ ஜிரார்டோனி செய்த துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780-ஐ ஒட்டி ஏற்றது. தோளில் பதியும் அடிக்கட்டைதான் அதன் காற்றுக் கலம். குழலை ஒட்டிய சிறு குழாயில் சுமார் 20 ஈயக் குண்டுகள். முனையை உயர்த்தி, பக்கவாட்டுக் கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு வந்து உட்காரும். படுத்தபடியே தொடர்ந்து சுடலாம். ஆனால் கலத்தை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்கவேண்டும்! 1815 வாக்கில் படை அதைக் கைவிட்டது.

உலோகத் தோட்டா வந்தபின் காற்றுத் துப்பாக்கி சின்னதாகி, மலிவாகி, சிறுவர் கைக்குப் போனது. மிச்சிகனில் காற்றாலை விற்ற பிளிமத் நிறுவனம் 1880-களின் இறுதியில் ‘டெய்சி’ காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது, பின்னர் துப்பாக்கியே அதன் தொழிலாகிவிட்டது. பின்னாளில் பறவையியலாளரான சாலிம் அலி, மும்பையில் சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்கத் தாய்மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அந்தக் குருவியின் வீழ்ச்சியே 1985-இல் வந்த அவரது தன்வரலாற்றுக்குத் தலைப்பானது.

பிரிட்டனில் பண்ணைக்காரர்களுக்குக் காற்றுத் துப்பாக்கி எலிக்கும் புறாவுக்கும் உரிய கருவி. தானியக் கிடங்குக்குள் தோட்டாத் துப்பாக்கியால் சுட்டால் கூரை பொத்தலாகும், கால்நடை மிரளும். சுருள்வில் ரகத்திலோ குழலை மடக்கி, ஈய ரவையை வைத்து, அதிகச் சத்தமின்றிச் சுடலாம். இதற்கு நேர்மாறாக, டெக்சாஸ் மாநிலம் 2018-இல் உயர் அழுத்தப் பெருங்குழல் துப்பாக்கிகளை மான் வேட்டைக்கே அனுமதித்தது.

சத்தமின்மையும் மலிவும் காற்றுத் துப்பாக்கியின் பலம்; காட்டுக்குக் கேடும் அவைதான். அருணாச்சலப் பிரதேசத்தில் பல வீடுகளில் தொங்கிய இத்துப்பாக்கிகள் பறவைகளைக் குறைத்தன. துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைக்கும்படி 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில் அரசு இயக்கம் தொடங்கியது. உரியவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்பதுதான் இதில் பாராட்டத்தக்கது.

இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அதை வைத்து முயலையோ கௌதாரியையோ சுட்டால், 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.