வழி சொல்லி அழைத்தல்



பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பது பாடத்தைத் தொடங்குவதற்கு அன்று. பாடம் தொடங்கப் போகிறது என்று அறிவிப்பதற்கே ஆகும். அவ்வோசை கேட்டவுடன் ஆடுகளத்தில் இருப்பவன் கை கால் கழுவிக்கொண்டு ஓடி வருகிறான். மரத்தடியில் கதை பேசுகிறவன் பேச்சை முடித்துக்கொள்கிறான். இரண்டாம் மணி அடிக்கும்போது வகுப்பு அமைதியாக இருக்கிறது. முதல் மணி இல்லாத பள்ளியில் முதற்பாடத்தின் பாதி வீணாகிவிடும். நெடுங்காலம் ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இவ்வுண்மை நன்கு பழக்கமானது. எனினும், இதன் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, ஜவ்வாது மலை மாணவர் சிலரால் அண்மையில்தான் எனக்குக் கிடைத்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று ஜவ்வாது மலை. இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. அங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது; கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர் என்று பரம்பரையாகச் சொல்லி வருகின்றனர். இத்தகைய செய்திகளை முதியோர் வாய்மொழியாகவே பதிவு செய்து, வாரந்தோறும் ஒரு பேச்சாக இணையத்தின் வழியே வெளியிட வேண்டும் என்பது அம்மாணவர்களின் எண்ணம். இக்காலத்தார் இதனைப் 'பாட்காஸ்ட்' என்பர்; 'வலையொலி' என்று தமிழில் வழங்குவதும் உண்டு. 2004ஆம் ஆண்டில்தான் அந்த ஆங்கிலப் பெயர் அச்சேறியது.

தொடரை வெளியிடுவதற்கு முன்னே, இரண்டு நிமிட அளவில் ஒரு முன்னோட்டம் வெளியிடுவது அத்துறையின் வழக்கமாம். அதனை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் திருத்தம் கேட்க வந்தனர். வாங்கிப் படித்தேன். "இதுவரை எவரும் சொல்லாத வரலாறு, ஜவ்வாது மலையின் முழு உண்மை, உங்களை வியப்பில் ஆழ்த்தப் போகும் குரல்கள்" என்று தொடங்கி, இறுதி வரை அவ்வாறே சென்றது. யார் பேசுவர், எதைப் பற்றிப் பேசுவர், யாருக்காகப் பேசுவர் என்பன ஓரிடத்தும் இல்லை.

"தம்பிகளே, இதைப் புதுத்தொழில் என்று எண்ணுகிறீர்கள். இந்தத் தொழிலில் தலைசிறந்த நூல் ஒன்று உங்கள் மலையடிவாரத்திலேயே பிறந்திருக்கிறது" என்றேன். அவர்கள் நம்பவில்லை. அதனைச் சிறிது விரித்துரைத்தேன். உங்களுக்கும் உரைக்கிறேன்.

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் நூல் மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் இதனைப் பாடினார். பாட்டுடைத் தலைவன், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்து ஊர். நூலில் வரும் சேயாறு, அம்மலையில் பிறந்து ஓடும் இன்றைய செய்யாறே. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியமையால் இந்நூல் நம் கைக்கு எட்டியது.

இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் வேறொரு கூத்தர் கூட்டத்தைக் கண்டு, "நீங்களும் அவனிடம் செல்லுங்கள்" என்று வழிப்படுத்துகிறான். இதுவே ஆற்றுப்படை. இன்னும் தொடங்காத பயணத்தைப் பற்றி, அதனை முன்னரே முடித்தவன் சொல்லும் முன்னுரை என்று இதனைச் சொல்லலாம்.

அக்கூத்தன் எவ்வாறு சொல்கிறான் என்பதே நாம் கற்கத் தக்கது. நன்னனின் கொடையைப் புகழ்கிறான்; வழியில் கானவர் குடியிருப்புகளில் கிடைக்கும் தேனையும் தினைச்சோற்றையும் சொல்கிறான். அவற்றோடு இடர்களையும் மறையாது சொல்கிறான். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காக வழியில் பொறிகள் வைத்திருப்பர். ஆதலால் இரவில் நடவாதீர். யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கற்கள் விரைந்து வரும். மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள். பாசி படர்ந்த இடங்களில் கால் வழுக்கும். பற்றுக்கோடு பிடித்து நடவுங்கள். பாம்புகள் உறையும் இடமும் உண்டு. இத்தனையும் சொன்ன பிறகே அரண்மனை வாயிலுக்கு அழைத்துச் செல்கிறான். குறையை மறைத்து நிறையை மட்டும் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் முதற் பன்றிப் பொறியிலேயே அவன் சொல்லை நம்பாது திரும்பியிருப்பர் அல்லரோ?

இன்னொரு செய்தி அதனினும் சிறந்தது. வழிகள் பிரியும் கவலைகளில் வீரர்களின் நடுகற்கள் நிற்கும் என்கிறான். இந்தச் செங்கம் வட்டாரத்தில் எழுத்துப் பொறித்த நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன என்பதையும், தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றை 1972இல் நூலாக வெளியிட்டது என்பதையும் இங்கே நினைவு கொள்ளுங்கள். அத்தகைய கவலையை அடைந்ததும், சரியான வழியின் தொடக்கத்தைத் துடைத்துச் சீர் செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்பது அவனது அறிவுரை. அந்த முடிச்சு தமக்கன்று. அவ்விடத்திற்குப் புதியவராய்ப் பின்னே வருவோர்க்கு. நல்ல முன்னோட்டம் என்பது இந்தப் புல் முடிச்சே என்று மாணவர்களிடம் சொன்னேன். பின்னே வருபவர் வழி தவறாதிருக்க அது இருக்கிறது. முடிந்தவரின் கைத்திறத்தை வியப்பதற்கு அன்று.

ஆற்றுப்படை வழியைச் சொல்வது. நூலின் வாயிலில் நின்று நூலைச் சொல்வது பாயிரம். அதற்கு இலக்கணமே வகுத்தவர்கள் நம் முன்னோர். பவணந்தி முனிவரின் நன்னூல், பாயிரத்திற்கு முகவுரை, அணிந்துரை, நூன்முகம் முதலாக ஏழு பெயர்களைத் தருகிறது. சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவை எட்டு என்கிறது: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல எடுத்துக்கொண்ட பொருள், கேட்போர், பயன் என்பன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டுவாரும் உண்டு. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் தந்த பாயிரத்தைப் பாருங்கள். வடவேங்கடம் முதல் தென்குமரி வரை என்னும் எல்லையும், நூல் அரங்கேறிய அவையும், அதனைக் கேட்டவரும், ஆசிரியர் பெயரும் சில அடிகளுக்குள் அடங்கியிருக்கும்.

மாணவர்களின் தாளை எடுத்து இந்த எட்டையும் ஒவ்வொன்றாகத் தேடச் செய்தேன். தொடரின் பெயர் ஒன்றுதான் அகப்பட்டது. மேலும், புதிய நூல் படைத்துப் பல துறைகளையும் கடந்தவனே ஆயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதும், பாயிரத்தை ஆசிரியனோ உடன்கற்றவனோ மாணாக்கனோ உரைகாரனோ செய்ய வேண்டும் என்பதும் நன்னூலின் முடிவு என்றேன். உடனே ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே தன்னைப் புகழ்ந்து கொள்ளலாம் என்று அதே நன்னூல் விலக்கும் தருகிறதே! எங்களை எவருக்கும் தெரியாதே!" என்றாள். நான் மகிழ்ந்தேன். வகுப்பில் நடத்திய பாடம் திரும்பி வந்து ஆசிரியனை மடக்கும் நாளே ஆசிரியனுக்கு நல்ல நாள். "உண்மைதான் அம்மா. ஆனால் அந்த விலக்கு ஆற்றல் உடையவர்க்கு. அதனைக் காட்ட உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்து, "ஒரு பாட்டியின் குரல் இருக்கிறது" என்றாள். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஏட்டில் மட்டும் இருந்த மரபன்று இது. வடார்க்காட்டுப் பகுதியின் தெருக்கூத்தைக் கண்டவர்கள் அறிவர். கதை தொடங்குவதற்கு முன் களரி கட்டுதல் நடைபெறும். மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து முழங்கும்; சுற்றூர்களிலும் அவ்வோசை கேட்கும். கூத்து உண்டு என்பதை அறிந்து மக்கள் பாயும் கையுமாய்ப் புறப்படுவர். பின்னர்க் கட்டியக்காரன் வந்து, இன்று இன்ன கதை என்று உரைப்பான். ஓசை அழைக்கிறது, சொல் விளக்குகிறது. அழைப்பும் விளக்கமும் என்னும் இரண்டும் சேர்ந்தால்தான் முன்னோட்டம் நிறைவு பெறும்.

மேலை நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. திரைப்பட முன்னோட்டத்தை ஆங்கிலத்தில் 'டிரெய்லர்' என்பர். பின்னே இழுபட்டு வருவது என்பது அச்சொல்லின் பொருள். முன்னே வருவதற்குப் பின்னே வருவது என்று பெயர் வந்தது எப்படி? 1913இல் நியூயார்க் நகரத் திரையரங்கு ஒன்றில், வரப்போகும் இசை நாடகம் ஒன்றைப் பற்றிய சிறுபடத்தை நில்ஸ் கிரான்லண்டு என்பவர் காட்டினார். தொடக்க காலத்தில் இத்தகைய துண்டுகளைப் படம் முடிந்த பின்னரே ஓட்டினர். பிற்காலத்தில் அவை படத்திற்கு முன்னே இடம் மாறின. பெயர் மட்டும் மாறவில்லை.

வானொலிக்கு வருவோம். லண்டனில் பி.பி.சி. நிறுவனம் 1922 நவம்பர் 14ஆம் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று செய்தி படித்த ஆர்தர் பரோஸ், அதனை ஒருமுறை விரைவாகவும் மறுமுறை மெதுவாகவும் படித்து, எது நன்றாயிருக்கிறது என்று நேயர்களையே கேட்டார். முதல் நாளிலேயே, "நாங்கள் பேசுகிறோம்" என்பதோடு "நீங்கள் சொல்லுங்கள்" என்பதையும் சேர்த்துக்கொண்ட பண்பு அது.

நம் சென்னையின் கதை வேறொரு பாடம் தருகிறது. 1924ஆம் ஆண்டிலேயே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, ஒலிபரப்பும் நடத்தியது. ஆர்வத்திற்குக் குறைவில்லை, ஆனால் பொருள் வளம் போதவில்லை. 1927இல் அக்குரல் ஓய்ந்தது. 1930 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று மீண்டும் தொடங்கியது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு திருச்சி நிலையமும் எழுந்தன. 'வானொலி' என்னும் பெயரிலேயே ஓர் இதழ் நெடுங்காலம் வெளிவந்தது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னார் பேசுவார் என்று அது முன்கூட்டியே அச்சிட்டுத் தந்தது. அச்சிட்டபடி குரல் வந்தது. அதனால் நம்பிக்கை வளர்ந்தது. முன்னறிவிப்பு என்பது ஒரு வாக்குறுதி. தொடங்குவதற்கு ஆர்வம் போதும். வாக்கைக் காப்பதற்கு ஆற்றலும் வேண்டும்.

"வாரந்தோறும் என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனை பேச்சுகள் கைவசம் இருக்கின்றன?" என்று மாணவர்களைக் கேட்டேன். "ஒன்று" என்றனர். அந்த ஒன்று, மேலே சொன்ன பாட்டியின் பேச்சு. அதனைப் பதிவு செய்து முடித்ததும், அம்மூதாட்டி, "என் பேச்சு எங்கே போகும், தம்பி? கேட்டுட்டுப் போனவங்க பல பேர். திரும்பி வந்து சொன்னவங்க யாருமில்லே" என்றாராம். அதற்கு இவர்களால் விடை சொல்ல இயலவில்லை.

மாணவர்களே, இதைக் கேட்டபோது என் நெஞ்சம் சுருக்கென்றது. நானும் மலையூர்களுக்குச் சென்று, கதை கேட்டு, குறிப்பேட்டை மூடிக்கொண்டு கீழிறங்கியவனே. எழுதியதை அவர்களிடம் திரும்பச் சென்று ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை. கேட்போருக்கு முன்னறிவிப்புச் செய்வது எப்படி என்று ஆராய்ந்து கொண்டிருந்த நாங்கள், பேசுவோருக்கு முன்னறிவிப்புச் செய்ய மறந்திருந்தோம். முதல் முன்னோட்டம் அந்தப் பாட்டிக்கு உரியது. அவர் குரல் எங்கே செல்லும், யார் கேட்பர், வேண்டாம் என்றால் நிறுத்த முடியுமா என்பவற்றை அவருக்குச் சொல்லி இசைவு பெற்ற பின்னரே, உலகுக்குச் சொல்லும் முன்னோட்டத்தைத் தொட வேண்டும்.

மாணவர்கள் மலையேறிச் சென்றனர். கைப்பேசியில் அவர் குரலை அவருக்கே போட்டுக் காட்டினர். அவர் முழுவதும் கேட்டு, ஒரு பகுதியை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டு, மற்றதற்கு இசைந்தாராம். மேலும் ஐந்து முதியோரின் பேச்சுகளைச் சேர்த்த பிறகே புதிய முன்னோட்டத்தை எழுதினர். அது முன்னையதில் பாதியளவே இருந்தது. தாம் யார் என்பதை ஒரு வரியில் சொன்னார்கள். முதியோர் நினைவிலிருந்து சொல்பவை இவை, கல்வெட்டுச் சான்று எல்லாவற்றிற்கும் இல்லை என்பதை மறையாமல் சொன்னார்கள். மலைப்பேச்சில் சில சொற்கள் புதியனவாக இருக்கும், பொறுமையோடு கேளுங்கள் என்று வழியின் இடரையும் சொன்னார்கள். வாரம் ஒன்று என்பதை நீக்கி, மாதம் ஒன்று, மொத்தம் ஆறு என்று எழுதினார்கள். இறுதியில் பாட்டியின் குரலிலிருந்து சில நொடிகளைச் சேர்த்தார்கள். தற்புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது.

நீங்களும் நாளை ஒரு தொடரையோ, கையெழுத்து இதழையோ, மன்றத்தையோ தொடங்குவீர்கள். அப்போது, நன்னனைக் காணச் சென்ற அக்கூத்தர்களை நினைவு கொள்ளுங்கள். செல்லும் இடத்தின் சிறப்பைச் சொல்லுங்கள்; வழியின் வழுக்கலையும் சொல்லுங்கள்; காக்கக் கூடிய வாக்கை மட்டும் கொடுங்கள். பிரியும் வழியில் ஒரு புல்லை முடிந்து வையுங்கள். பின்னே ஒருவர் வருவார்.