பறையை நேரில் கேளுங்கள்: மறுத்தவர்களும் மீட்டவர்களும்

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பறை ஒன்று கிடந்தது. தோல் கிழிந்துபோயிருந்தது. வேப்பமரச் சட்டத்தின் துண்டுகளை இணைக்கும் இரும்புப் பட்டைகள் துருவேறியிருந்தன. சின்ன வயதில் ஒருநாள் அதை விளையாட எடுத்தேன். அப்பா வாங்கி மறுபடியும் மேலே வைத்துவிட்டு, "அது நமக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1991இல் எங்கள் சேரி இளைஞர்கள் கூடி, இனிமேல் ஊர்க்காரர்கள் சாவுக்கு அடிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். அப்பா அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்கள் ஆட்களுக்கு வயலில் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை. ஆனாலும் யாரும் மறுபடி பறையைத் தூக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, முதுகலைச் சமூகவியல் படிக்கும்போது ஒரு பயிற்சிப் பட்டறையில் நான் பறை கற்றுக்கொண்டேன். பெருமையாக ஊருக்குப் போய்ச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாங்க எதை விடுறதுக்குப் பட்டினி கிடந்தோமோ, அதை நீ காசு கட்டிக் கத்துக்கிட்டு வந்திருக்க" என்றார்.

நேரில் பார்க்க வேண்டிய நாட்டுப்புறக் கலைஞர்கள் யார் யார் என்று இளம் தோழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெயர்களைச் சொல்கிறேன். அதற்கு முன் அப்பாவின் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் பறையைக் கேட்டால் சத்தம் மட்டும்தான் காதில் விழும்.

இசை யாருக்கு, இழிவு யாருக்கு?

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அந்தச் சொல் அதே பொருளில் வழங்குகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை போல நிலத்தோடு சேர்ந்த ஒன்றாகவே பறை அங்கே வருகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைப் பெருமையாகச் சொல்கிறது. நான்கில் மூன்று இசையோடு சேர்ந்த பெயர்கள்.

இந்தப் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். பேசலாம், தவறில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நடுவில் நடந்தது மறைந்துபோகும். அதனால் நாம் தூரத்துச் சங்க காலத்தைவிட, நூறு ஆண்டுகளுக்குள் நடந்ததைக் கூர்ந்து பார்ப்போம்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது, ஆண்கள் சட்டை போடக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்று அந்தப் பட்டியல் நீளும். அதை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. அவற்றில் ஒன்று, திருமணம் முதலான தங்கள் விசேஷங்களில் ஆதிதிராவிடர்கள் மேளம் போன்ற இசையைப் பயன்படுத்தக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு அடிக்க மறுத்தால் தண்டனை. தன் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் வைத்தாலும் தண்டனை. அப்படியென்றால் இழிவு தோலில் இல்லை, குச்சியில் இல்லை, தாளத்திலும் இல்லை. யாருக்காக, எப்போது, என்ன கூலிக்கு வாசிப்பது என்று முடிவு செய்யும் உரிமை வாசிப்பவனிடம் இல்லாததுதான் இழிவு.

அதே ஆண்டுகளில் சென்னையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. எது 'சங்கீதம்' என்று சபாக்கள் தீர்மானித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இராமநாதபுரத்தில் ஒரு மக்களுக்கு இசையே தடை செய்யப்பட்டது.

மறுப்பும் மீட்பும்

1980களிலும் 90களிலும் பல கிராமங்களில் தலித் இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தார்கள். சிலர் பறையை உடைத்தார்கள், எரித்தார்கள். அதைக் கலையை அழித்த செயலாக இன்று சிலர் எழுதுகிறார்கள். ஊர்விலக்கத்தை அனுபவித்திராதவர்கள் எழுதுவது அது.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் இன்னொரு கூட்டம் பறையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று எல்லோரும் அழைத்தவர், கர்னாடகக் கீர்த்தனைகளும் மேற்கத்திய மெட்டுகளும் ஒலித்த வழிபாட்டுக்குள் நாட்டுப்புற இசையைக் கொண்டுவந்தார். அந்தக் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் பறை பொது மேடை ஏறியது. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன், இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலைத் தமிழ்நாடு முழுக்கப் பாடினார். ஆய்வாளராகவும் நாடகக்காரராகவும் இருந்தவர், 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவர். 2016இல் மறைந்துவிட்டார். அவரை நேரில் கேட்கும் வாய்ப்பு இனி நமக்கு இல்லை. இருப்பவர்களை இருக்கும்போதே கேளுங்கள் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

யாரைப் பார்க்கலாம்?

முதலில் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானும் அவருடைய சமர் கலைக்குழுவும். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகுதான் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் எத்தனையோ பேருக்குப் பறை சொல்லிக்கொடுத்து வருகிறார். அவர் ஆடும்போது காலைக் கவனியுங்கள். பறையாட்டத்தில் அடியும் அடவும் ஒன்று. ஒத்தையடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி என்று ஒவ்வொன்றும் மாறும்போது உடம்பும் மாறும். ஒலிப்பதிவில் இது பாதிதான் கிடைக்கும்.

அடுத்து திண்டுக்கல் சக்தி கலைக்குழு. தலித் இளம்பெண்கள் பறையடிக்கும் குழு. ஆண்களின் தோளில் மட்டுமே தொங்கிய கருவி இது. பெண் அதைத் தொட்டது சாதியை மட்டும் கேள்வி கேட்கவில்லை, நம் வீட்டு ஆண்களையும் கேட்டது. அந்தப் பெண்கள் வரிசையாக வந்து நிற்கும் நிமிர்வைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் புத்தர் கலைக்குழுவின் மகிழினியையும் மணிமாறனையும் பாருங்கள். மகிழினி பாடிக்கொண்டே அடிப்பார். கருத்தைப் பேசிவிட்டுக் கலைக்கு வருகிறவர்கள் அல்ல இவர்கள். இருவரிடமும் இரண்டும் கலந்தே இருக்கும். 2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் உங்களில் பலருக்குத் தெரியும். கானாவும் ராப்பும் ஒன்றாக நின்ற அந்த மேடைக்கு இவர்களைப் போன்றவர்களின் உழைப்பும் அடித்தளம்.

தெற்கே போனால் கணியான் கூத்தைத் தவறவிடாதீர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் சுடலைமாடன் கோயில் கொடைகளில் நடப்பது. கணியான் என்னும் சிறு பழங்குடிச் சமூகத்தினர் நிகழ்த்துகிறார்கள். அண்ணாவி கதை பாடுவார், மகுடம் என்ற தோற்கருவிகள் இரண்டு ஒலிக்கும், பெண் வேடமிட்டவர்கள் ஆடுவார்கள். பத்து நிமிட விழா மேடைக்கு அது அடங்காது. இரவெல்லாம் விழித்துக் கேட்க வேண்டியது.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். உங்கள் ஊரில் சாவுக்கு அடிக்கும் செட்டுக்காரர்கள். கலைக்குழு என்று பெயர் வைத்துக்கொண்டவர்களுக்குக் கைதட்டிவிட்டு, தெருவில் அடிப்பவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் நம் தோழர்களிடமும் இருக்கிறது. நாம் மேடையில் கேட்கும் அடிகளை இத்தனை காலம் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள்தான்.

எப்படிப் பார்ப்பது?

நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்னால் போங்கள். தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதைப் பாருங்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகும், ஒலி கூர்மையாகும். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் இரண்டு விதமாகப் பேசும். கிட்டே நில்லுங்கள். நெஞ்சில் அதிர்வது காதில் கேட்பதற்கு முன்பே தெரியும்.

நீங்களே நிகழ்ச்சி நடத்துகிறீர்கள் என்றால் முதல் கேள்வி ஊதியம். 'விழிப்புணர்வு நிகழ்ச்சி' என்று சொல்லிப் பேருந்துக் கட்டணத்தோடு அனுப்பிவைப்பதும் ஓசி உழைப்புதான். விருந்தினர் வரவேற்புக்கு வாசலில் அடிக்கவிட்டு, மேடையில் வேறு யாரையோ பாடவைக்காதீர்கள். அழைப்பிதழில் குழுவின் பெயர் மட்டும் போதாது, கலைஞர்களின் பெயர்களையும் போடுங்கள்.

போன ஆண்டு எங்கள் பகுதியில் ஒரு அம்பேத்கர் பிறந்தநாள் விழாவில் நாங்கள் வாசித்தோம். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தார். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். முடிந்ததும் என்னிடம் வந்து, "யாரு கூப்பிட்டா?" என்று கேட்டார்.

"நம்ம பசங்கதாம்ப்பா."

"காசு பேசிட்டுத்தான வந்தீங்க?"

"ஆமா."

"சரி" என்றார். பிறகு என் கையிலிருந்த அடிக்குச்சியை வாங்கிப் பார்த்துவிட்டு, பிடி தப்பாக இருக்கிறது என்று திருத்தினார்.