பெங்களூர்க் கத்தரிக்காய்: ஒரு பெயரின் வழித்தடம்

தமிழ்நாட்டுச் சந்தைகளில் பெங்களூர்க் கத்தரிக்காய் எனப்படும் காய், கத்தரி இனமும் அன்று. பெங்களூரில் தோன்றியதும் அன்று. சுரை, பூசணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்த இக்கொடியின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நடு அமெரிக்கப் பகுதியுமாகும். ஆங்கில அகராதிகள் இதனைச் 'சாயோட்டி' எனப் பதிந்து, ஸ்பானியக் கடன்சொல் எனக் குறிக்கின்றன. ஸ்பானியத்திற்கும் அது கடனே.

மூலச்சொல் மெக்சிகோவின் நஹுவாத்தல் மொழியில் 'சாயோத்லி' என்பது. இதன் இறுதியிலுள்ள 'த்லி' வேர்ப்பகுதி அன்று; பெயர்ச்சொல்லோடு சேரும் விகுதி. இவ்விகுதி ஓசை ஸ்பானியர் நாவிற்கு ஒவ்வாமையால் 'தே' எனத் திரிந்து, 'சாயோத்தே' என்றாயிற்று. தக்காளியைக் குறிக்கும் 'தொமாத்தே' என்னும் ஸ்பானியச் சொல்லும் 'தொமத்ல்' என்பதிலிருந்து இவ்வாறே பிறந்தது. இரவல் வாங்கிய மொழி விகுதியையும் சொல்லின் உறுப்பாகவே கொண்டுவிட்டது.

எனினும் ஆங்கில அகராதிச் சொல் இந்தியாவில் வேரூன்றவில்லை. ஜமைக்காவில் 'சோசோ', பிரேசிலில் 'சுசு', ரீயூனியன் தீவில் 'சூசூ' என இக்காய்க்கு வேறொரு பெயர்வரிசை உண்டு. தமிழின் 'சௌசௌ' இவ்வரிசையோடு உறவுடையது எனக் கொள்வதே பொருந்தும். பெங்களூர்ச் சிற்றுண்டிச் சாலைகளில் காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வரும் 'சௌசௌ பாத்'தில் இக்காய்க்கு இடமில்லை. அச்சொல், கலவை என்னும் பொருளில் சீனத் துறைமுக ஆங்கிலத்தில் வழங்கிய வேறு சொல்லோடு தொடர்புடையதாகலாம்.

கன்னடர் இக்காயைச் 'சீமெபதனெ' என்பர். சீமை எண்ணெயில் உள்ள அதே சீமைதான். எல்லை எனப் பொருள்பட்ட வடசொல், நாடு என விரிந்து, பின்னர்க் கடல்கடந்த நாட்டைக் குறித்தது. 'பதனெ' தமிழின் பழஞ்சொல்லாகிய வழுதுணைக்கு இனமானது. ஆகவே கன்னடர்க்கு இது அயல்நாட்டுக் கத்தரி. தமிழர்க்கோ பெங்களூர்க் கத்தரி. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக், 1856-இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. 1874-இல் அதன் பொறுப்பேற்ற ஜான் காமரூன் காலத்தில் அயல்நாட்டுப் பயிர்கள் பல அங்கு வளர்க்கப்பட்டன. இத்தகைய நகரின் பெயரை ஒரு புதுக்காய் பெற்றதில் வியப்பில்லை. பெயர் சுட்டுவது பிறந்த ஊரையன்று. கடைசியாகக் கடந்துவந்த ஊரை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் இங்கேதான். மெக்சிகோ நாட்டுக் கதையொன்றில் பாட்டி 'சாயோத்தே' நறுக்குகிறாள் எனக் கொள்வோம். 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என எழுதினால் காய் சரி, ஊர் பிழை. தமிழ் வாசகர் கத்தரியையே எண்ணிவிடவும் கூடும். 'சாயோத்தே' என்றே விட்டால், வீட்டுக் கூட்டில் அன்றாடம் உண்ணும் காய் அறியாப் பொருளாகிவிடும். 'சௌசௌ' என்பது ஊர்ப்பெயரைச் சுமக்காத சொல். கதைக்குள் அதுவே தகும். பேரகராதி தொகுப்போர் மூன்று வடிவங்களையும் தனித்தனித் தலைச்சொற்களாகத் தந்து, ஒன்றை மற்றொன்றுக்கு மாட்டேற்றல் வேண்டும்.