ஊமைப் பெட்டியின் குரல்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய கணினி விளையாட்டு ஒன்றை, டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளின் துணையுடன் தன் புதிய மடிக்கணினியில் ஓடவிட்டிருக்கிறான். "மாமா, மியூசிக் எல்லாம் வருது. ஆனா ஆக்கள் கதைக்கிற சத்தம் மட்டும் வருதில்லை. ஹெல்ப் எண்டு அடிச்சுப் பார்த்தன், கட்டளைகளின்ர பட்டியல்தான் வருது. உங்கட காலத்துச் சாமான்தானே, என்ன செய்யிறது?" என்று கேட்டான்.

"உங்கட காலம்" என்றது சற்று உறுத்தியது. ஆனாலும் இசை வந்து பேச்சு வராத கணினியை நான் முன்பே கண்டிருக்கிறேன். அது வெள்ளவத்தையில், 1995ஆம் ஆண்டின் முற்பகுதியில். அந்தக் கதைக்குப் போகுமுன் கணினியின் ஓசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனது சொந்தக் கணினியை வெளியிட்டபோது அதனுடன் வந்த டாஸ் இயக்குதளத்துக்குப் படமும் இல்லை, சுட்டியும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தாக அடிக்க வேண்டும். அதற்குத் தெரிந்த ஒரே ஓசை 'பீப்' என்பதுதான். அந்த ஓசை எங்கள் தொழிலிலிருந்து போனது என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு. செய்தி அறைகளில் இருந்த டெலிபிரின்டர்களில் மணி ஒன்று இருக்கும். அவசரச் செய்தி வரும்போது எழுத்துக்களுக்கு நடுவே மணியடிக்கும் குறியும் அனுப்பப்படும். செய்தியின் கனத்துக்கேற்ப மணியின் எண்ணிக்கை கூடும். 1963இல் அஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டுத் தரம் உருவானபோது அந்த மணிக்கு 7ஆம் இலக்கம் வழங்கப்பட்டது. டாஸ் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. எக்கோ என்று அடித்து, கன்ட்ரோல் விசையுடன் ஜி எழுத்தையும் அழுத்தி என்டரைத் தட்டினால் பெட்டிக்குள் இருந்து பீப் என்று கேட்கும். செய்தி அறை மணியின் பேரப்பிள்ளை அது.

திரை உயிர்பெறும் முன்னரே பேசிய உதவியும் அதுவே. கணினியைப் போட்டதும் ஒரு குறுகிய பீப் கேட்டால் நலம். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால் திரைக்கான அட்டையில் பழுது. எழுத்தில் சொல்ல முடியாத நிலையில் பெட்டி தன் நோயை ஓசையால் சொல்லிற்று.

உண்மையான இசையும் பேச்சும் பின்னர்தான் வந்தன. 1987இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் அட்டை வந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. அந்நிறுவனத்தை 1981இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சிம் வொங் ஹூ; 2023 ஜனவரியில் காலமானார். ஆட்லிப்பின் இசைச் சில்லையும் தன்னுள் கொண்டிருந்த சவுண்ட் பிளாஸ்டர், பதிவு செய்த குரலையும் ஒலித்தது. இந்த இரண்டு வேலைகளும் இரண்டு வழிகளில் நடந்தன என்பதே நமது கதையின் முடிச்சு. இசைச் சில்லுக்கு "இந்தச் சுரத்தை எழுப்பு" என்று எண்களை அனுப்பினால் போதும். குரலோ துண்டு துண்டாக ஊட்டப்பட வேண்டும். ஒரு துண்டு முடிந்ததும் அட்டை, "முடிந்தது, அடுத்ததைத் தா" என்று செயலியை அழைக்கும். அந்த அழைப்பு செல்லும் கம்பிக்கு ஐ.ஆர்.க்யூ. என்று பெயர், அதற்கு ஓர் எண் உண்டு. எண் தவறினால் இசை ஒலிக்கும், குரல் முதல் துண்டோடு நின்றுவிடும்.

டாஸுக்கு ஒலி அட்டை என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு மென்பொருளும் அட்டையைத் தானே தேடிப் பேச வேண்டும். அதற்கு அடையாளமாக, கணினி தொடங்கும்போது படிக்கும் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்னும் கோப்பில் 'செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ7 டி1' என்பது போன்ற ஒரு வரி எழுதி வைக்கப்படும். இதில் ஐ7 என்பது 7ஆம் இலக்க அழைப்புக் கம்பி. ஆனால் ஐ.பி.எம். அதே 7ஐ முன்னரே அச்சுப்பொறிக்கு ஒதுக்கியிருந்தது. டாஸ் அச்சுப்பொறியைப் பெரும்பாலும் அந்த அழைப்பில்லாமலே நடத்திவிடும். ஆகவே பல கணினிகளில் இந்தச் சண்டை வெளியே தெரியாது. வேறொரு மென்பொருள் பின்னணியில் அச்சிடப் புகுந்தால் தெரியவரும்.

இனி வெள்ளவத்தை. காலி வீதியை அண்டிய ஒரு மாடியறையில் கணினி வகுப்பு நடந்தது. அன்று 'கணனி' என்றுதான் எழுதுவோம். போர்நிறுத்தம் நிலவிய சில மாதங்கள் அவை. வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கி, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த இளைஞர்களே மாணவர்கள். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, வகுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போயிருந்தேன். ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி மென்பொருள் ஒன்று அங்கே எல்லோரையும் இழுத்தது. கனடாவுக்கோ இலண்டனுக்கோ போகிறவனுக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. தொடக்க இசை கம்பீரமாக வரும். பின்பு ஆங்கிலக் குரல் முதல் அசையை உச்சரித்துவிட்டு ஊமையாகிவிடும். நடத்துநர் இரண்டு முறை ஸ்பீக்கர் மாற்றியிருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், இருபது வயதுக்குள் இருப்பார், மெதுவாகச் சொன்னார்: "சேர், பாட்டு வருதெண்டால் ஸ்பீக்கரும் வயரும் சரிதானே. பிழை அதுக்கு முதல் எங்கேயோ இருக்கு." 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிகளுக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை அது. எங்கே அறுந்தது என்று ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்ப்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் வந்ததன்று.

நடத்துநர் ஹெல்ப் என்று அடித்தார். கோப்பைக் காணவில்லை என்று திரை சொன்னது. இது நான் பின்னர் விசாரித்து அறிந்த வேடிக்கை. 1991இல் வந்த டாஸ் 5இல் ஹெல்ப் கட்டளைக்குச் சுருக்கமான விளக்கங்களே இருந்தன. 1993இல் வந்த 6ஆம் பதிப்பில் அது முழுத்திரைக் கையேடாக விரிந்தது. ஆனால் 1994இல் வெளியான 6.22இலும் ஹெல்ப்.காம் என்னும் கோப்பு 413 பைட் மட்டுமே. அது க்யூபேசிக் என்ற வேறொரு நிரலை எழுப்பி அதைக் கொண்டே கையேட்டைக் காட்டும். கோப்புகளைத் திருத்த உதவும் எடிட் கட்டளையும் அப்படியே. "பேசிக் நாம் படிப்பிப்பதில்லையே" என்று, வட்டில் இடம் மிச்சப்படுத்த அங்கே யாரோ க்யூபேசிக்கை அழித்துவிட்டிருந்தார்கள். உதவியும் போயிற்று, திருத்தும் கருவியும் போயிற்று.

எஞ்சியிருந்தது எம்.எஸ்.டி. என்னும் சோதனை நிரல். அதன் ஐ.ஆர்.க்யூ. பட்டியலில் 7க்கு நேரே அச்சுப்பொறி வாயிலின் பெயர் இருந்தது. செட் என்று மட்டும் அடித்தபோது பிளாஸ்டர் வரியும் ஐ7 என்றது. சுயவிபரக் கோவைகளை அச்சிட நிறுவியிருந்த பின்னணி மென்பொருள்தான் அழைப்பைப் பறித்துக்கொண்டிருந்தது. இளைஞர் அட்டையைக் கழற்றி, அதிலிருந்த சிறிய ஜம்பரை 7இலிருந்து 5க்கு மாற்றினார். கோப்பில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும், எடிட் இல்லை. டைப் கட்டளையால் கோப்பைத் திரையில் வரவழைத்து, எல்லா வரிகளையும் கொப்பியில் பார்த்தெழுதினார். பின்னர் காப்பி கான் கட்டளையால் முழுக் கோப்பையும் மறுபடி அடித்தார். இதில் ஒரு வரி முடிந்து என்டர் தட்டினால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. இரண்டு முறை பிழைத்தது. மூன்றாம் முறை சரிவந்தது. கணினியை மீண்டும் போட்டார்கள். ஆங்கிலக் குரல் வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தது.

அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கட்டளைகளுக்கு நேரே தமிழில் விளக்கம். 'இது பிழைச்சால் முதல் இதைப் பார்' என்ற ஒழுங்கில் எழுதியிருந்தார். க்யூபேசிக் அழிக்கப்படாமல் இருந்திருந்தாலும் அந்த அறையின் பாதிப்பேருக்கு ஹெல்ப் உதவியிருக்காது. அது ஆங்கிலத்தில் இருந்தது. டாஸ் ஜப்பானிய, கொரிய மொழிகளிலெல்லாம் வெளியானது. தமிழில் வந்ததே இல்லை. தமிழ் எழுத்து கணினிக்கு ஏறாததல்ல காரணம். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசையும், கனடாவில் கி. சீனிவாசன் ஆதமியையும் 1980களிலேயே தந்துவிட்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சமரநாயக்கவின் குழுவினர் 'வதன் தருவ' என்ற சொற்செயலியை அதே பத்தாண்டின் இறுதியில் உருவாக்கினார்கள். தமிழில் எழுதக் கருவி வந்தது. கருவி பழுதானால் தமிழில் சொல்லித்தர எதுவும் வரவில்லை. அந்த இடத்தை வெள்ளவத்தையில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி நிரப்பிற்று. அந்த ஆண்டு முடியுமுன் இளைஞர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். கொப்பியின் போட்டோப் பிரதிகள் அடுத்தடுத்த மாணவர்களின் கைகளில் இருந்ததைப் பின்னரும் கண்டேன். நான் எழுதிய கட்டுரையில் கொப்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேலைவாய்ப்பைப் பற்றி எழுதியிருந்தேன்; இப்போது வெட்கமாக இருக்கிறது.

மருமகனிடம் விளையாட்டின் அமைப்புத் திரையில் ஐ.ஆர்.க்யூ. எண் என்னவென்று கேட்டேன். 5 என்றான். டாஸ்பாக்ஸ் பாவனை செய்யும் சவுண்ட் பிளாஸ்டர், மாற்றாதவரை, 7ஆம் கம்பியில்தான் இருக்கும். அங்கே அச்சுப்பொறியின் சண்டை இல்லை. "ஏழு எண்டு மாத்து" என்றேன். சற்று நேரத்தில் தொலைபேசியின் மறுமுனையில் ஏதோ ஓர் அரக்கன் ஆங்கிலத்தில் உறுமுவது எனக்கும் கேட்டது.