பெடலுக்குள் வந்த வாட்: ஒரு சிறு வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

திறன் என்றால் வேலை வகுத்தல் காலம். அதன் அலகு வாட். இயற்பியல் ஆசிரியனாக இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. பிள்ளைகளும் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்த வாட், குண்டு பல்பின் மேல் அச்சடித்த எண்ணாகவே அவர்கள் மனதில் நின்றுவிடும். நம் இரண்டு கால்களும் வாட் உற்பத்தி செய்கின்றன, அதை நொடிக்கு நொடி அளந்து காட்டவும் முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது நாற்பது வயதைத் தொட்ட என் பழைய மாணவர்கள் சிலர் ட்ரையத்லானில் இறங்கியிருக்கிறார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி அது. "சார், சைக்கிளுக்குப் பவர் மீட்டர் வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள். வாங்குவதும் விடுவதும் அவரவர் வசதி. ஆனால் அந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று தெரிந்தால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் தெரிந்துவிடும்.

கதை குதிரையில் தொடங்குகிறது. தன் நீராவி எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம் என்று வாங்குபவர்களுக்குப் புரியவைக்க ஜேம்ஸ் வாட்டுக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டார். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 746 வாட். 1882-ல் வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்த பிறகு திறனின் அலகுக்கே அவர் பெயர் வந்தது.

குதிரையை அளந்தாயிற்று, மனிதனை எப்படி அளப்பது? டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோ (பின்னாளில் 1920-ல் நோபல் பரிசு பெற்றவர்) 1913-ல் தன் சைக்கிள் எர்கோமீட்டரைப் பற்றி எழுதினார். நகராத சைக்கிள் அது. தெரிந்த அளவுக்குத் தடையைக் கொடுத்து மிதிக்கவைத்து, உடல் செய்யும் வேலையைக் கணக்கிடுவார்கள். ஆனால் இது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. சாலையில் போகும் வீரனிடம் இருந்தவை கடிகாரமும் வேகமானியும்தான்.

வேகம் நம்மை ஏமாற்றும். எதிர்காற்றில் 25 கிலோமீட்டர் வேகம் உயிரை வாங்கும். பின்காற்றில் 40 போவது சும்மா. சமதளத்தில் காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். காற்றில்லாத நாளில் 30 கிலோமீட்டர் வேகத்தை 33 ஆக்க, அதாவது பத்தில் ஒரு பங்கு கூட்ட, காற்றுக்குச் செலவிடும் திறன் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். வேகமானி இந்தச் செலவைக் காட்டாது.

1980-களின் தொடக்கத்தில் பின்லாந்தின் போலார் நிறுவனம் மார்பில் கட்டிக்கொள்ளும் கம்பியில்லா இதயத் துடிப்பு மானியைக் கொண்டுவந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இதயம் தாமதமாகப் பதில் சொல்லும். மேட்டில் முழு பலத்தோடு அழுத்தினால், துடிப்பு ஏறி வருவதற்குள் மேடே முடிந்துவிடும். தூக்கமின்மை, வெயில், காபி, பதற்றம் எல்லாம் அந்த எண்ணை மாற்றும்.

இங்கேதான் ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் வருகிறார். 1986-ல் அவர் உருவாக்கிய எஸ்.ஆர்.எம். கருவி, சைக்கிளின் கிராங்க் பகுதியிலேயே ஸ்ட்ரெயின் கேஜை ஒட்டியது. 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள் இந்த ஸ்ட்ரெயின் கேஜ். மெல்லிய உலோகக் கம்பி இழுபட்டால் அதன் மின்தடை மாறும், அவ்வளவுதான் தத்துவம். பெடலை மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதனால் மாறும் மின்தடையை நாம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்று பிடித்துவிடும். அதிலிருந்து திருப்பு விசை கிடைக்கும். அதைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினால் வாட். பாடப்புத்தகத்தின் மூன்று பாடங்கள் ஒரு சைக்கிளில் வந்து உட்கார்ந்துவிட்டன!

1990-களின் தொடக்கத்தில் டூர் டி பிரான்ஸ் சாம்பியன் கிரெக் லெமாண்ட் போன்றவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். சாதாரண ஆட்களுக்கு விலை எட்டாத உயரத்தில் இருந்தது. பின்சக்கர ஹப்பில் அளக்கும் பவர்டேப், பிறகு இடது கிராங்கில் மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் ஸ்டேஜஸ், பெடலிலேயே அளக்கும் கருவிகள் என்று வர வர விலை இறங்கியது.

இனி ட்ரையத்லானுக்கு வருவோம். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தது. நீச்சல்காரரா, சைக்கிள்காரரா, ஓட்டக்காரரா, யார் உடல்தகுதியில் சிறந்தவர் என்ற வாக்குவாதத்துக்கு முடிவுகட்ட, கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் மூன்று போட்டிகளையும் ஒன்றாகக் கோத்துவிட்டார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். சைக்கிள் முடியும்போது முன்னிலையில் இருந்தவர் ஜான் டன்பார். ஓட்டத்தில் அவர் உதவிக் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்தார்கள். கார்டன் ஹாலர் அவரை முந்தி, 11 மணி 46 நிமிடத்தில் வென்றார்.

1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற மாணவி முதலிடத்தில் ஓடிவந்து, முடிவுக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து 29 வினாடி வித்தியாசத்தில் வென்றார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டதை அமெரிக்கா தொலைக்காட்சியில் பார்த்தது. அவருடைய மன உறுதியை எல்லோரும் பாராட்டினார்கள், நியாயம்தான். நான் பார்ப்பது வேறொன்று. கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல்தான் அன்றைக்கு எல்லோரும் செலவழித்தார்கள்.

ட்ரையத்லானின் சூட்சுமம் இதுதான். சைக்கிளில் அதிகமாகச் செலவு செய்தால், அதன் கடன் ஓட்டத்தில் வந்து நிற்கும். மேலும் அயர்ன்மேனில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றை ஏமாற்ற அனுமதி இல்லை. தனியாளாகவே போக வேண்டும். ஆகவே பவர் மீட்டர் சொல்லும் எண்ணுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

அந்த எண்ணுக்குப் பொருள் கொடுத்தவர்கள் ஆண்ட்ரூ காகன், ஹன்டர் ஆலன் இருவரும். 2006-ல் வந்த அவர்களின் புத்தகம் எஃப்.டி.பி. என்ற அளவைப் பரவலாக்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்சத் திறன் அது. உங்களுக்கு அது 200 வாட் என்றால், முழு அயர்ன்மேனில் சைக்கிளுக்குப் பயிற்றுநர்கள் சொல்லும் அளவு பெரும்பாலும் அதில் 65 முதல் 75 சதவீதம், அதாவது 130 முதல் 150 வாட்.

சராசரி மட்டும் சரியாக இருந்தால் போதாது. காகன் கொடுத்த கணக்கில் திறனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, சராசரி எடுத்து, பிறகு நான்காம் மூலம் காண்பார்கள். அரை மணி 100 வாட், அரை மணி 300 வாட் என்று மிதித்தவருக்குச் சராசரி 200தான். ஆனால் இந்தக் கணக்கில் 253 வருகிறது. போட்டுப் பாருங்கள். ஒரே சீராக 200-ல் போனவரைவிட இவர் உடல் பட்ட பாடு எவ்வளவோ அதிகம். ஒவ்வொரு மேட்டிலும் வீரம் காட்டுகிறவர்கள் மாரத்தானில் நடப்பதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு வசதி. நம் உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. ஒரு கலோரி சுமார் 4.2 ஜூல். இந்த இரண்டும் ஏறத்தாழ அடிபட்டுப் போவதால், மீட்டர் காட்டும் கிலோஜூலையே எரித்த கிலோகலோரி என்று எடுத்துக்கொள்ளலாம். 150 வாட்டில் 6 மணி நேரம் என்றால் 3,240 கிலோஜூல். அதாவது மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிலோகலோரி. உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கிலோகலோரிதான். கொழுப்பும் எரிந்து கைகொடுக்கும் என்றாலும், வழியில் சாப்பிடாமல் மாரத்தானுக்குப் போக முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

மீதி முக்கால் பங்கு என்ன ஆகிறது? வெப்பமாகிறது. 150 வாட் மிதிக்கும்போது 450 வாட்டுக்குக் குறையாத வெப்பத்தை உடல் வெளியேற்ற வேண்டும். இங்கேதான் மீட்டரின் எல்லை இருக்கிறது. குளிர்ந்த காலையிலும் கொளுத்தும் வெயிலிலும் அது ஒரே 150-ஐத்தான் காட்டும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதற்குத் தெரியாது. நேற்று இரவு காய்ச்சல் இருந்ததும் தெரியாது.

2018-ல் டூர் டி பிரான்ஸ் இயக்குநர் கிறிஸ்டியன் ப்ருடோம், போட்டியில் பவர் மீட்டரைத் தடை செய்ய வேண்டும் என்றார். எண்ணைப் பார்த்தே ஓட்டினால் சுவாரசியம் போய்விடுகிறது என்பது அவர் வாதம். எதிராளியின் திடீர்த் தாக்குதலே விளையாட்டாக இருக்கும் டூருக்கு அது பொருந்தலாம். வேலைக்குப் போய்க்கொண்டு, விடியற்காலையில் பயிற்சி செய்து, முழு உடம்போடு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய குடும்பஸ்தருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வேகமாகப் போகச் சொல்வதைவிட "போதும், அடங்கு" என்று சொல்வதற்குத்தான் அவருக்கு அந்தக் கருவி அதிகம் உதவும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். வெப்பநிலை மாறினால் ஸ்ட்ரெயின் கேஜின் பூஜ்யமும் நகரும். கிளம்பும் முன் பூஜ்யம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது திரையை அவ்வப்போது மூடிவைத்து, இப்போது எத்தனை வாட் என்று நீங்களே ஊகித்துவிட்டு, பிறகு திறந்து பாருங்கள். ஊகம் நெருங்கி வர வர, போட்டி நடுவில் பேட்டரி தீர்ந்தாலும் பயமிருக்காது.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.