நாடியும் நாழிகையும்

மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நிற்கும்போதுதான், நெஞ்சினுள் இடையறாது உழைக்கும் உறுப்பொன்று உண்டென்னும் நினைவு நம்மிற் பலருக்கு எழுகிறது. அவ்வுழைப்பை எண்ணால் அளக்க மனிதன் கற்ற வரலாறு சுவையானது. ஓர் எச்சரிக்கையும் தருவது.

நம் நாட்டு வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், கபம் என நாடியின் நடையை ஆராய்ந்தனர். அவர்கள் முதன்மையாக நோக்கியது நடையின் தன்மையை, எண்ணிக்கையை அன்று. எண்ணுவதற்குக் காலங்காட்டும் கருவி வேண்டும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ், நீர்க்கடிகாரங் கொண்டு நாடியை அளந்தார் என்று பழைய குறிப்பொன்று கூறுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய வைத்தியர் சாந்தோரியோ, நூலிற் கட்டிய குண்டை ஊசலாட விட்டார். அதன் ஆட்டம் நாடியோடு ஒத்துவரும்வரை நூலை நீட்டியும் குறைத்தும், அந்நூலின் நீளத்தையே நாடியின் அளவாகக் கொண்டார். 1707-இல் ஆங்கில வைத்தியர் ஸர் ஜான் பிளாயர், ஒரு நிமிஷம் மட்டுமே ஓடி நிற்கும் கடிகாரத்தைப் பற்றி நூல் எழுதினார். நிமிஷத்துக்கு இத்தனை துடிப்பு என்னும் கணக்கு இவ்வாறு வலுப்பெற்றது.

நோயறியப் பிறந்த இவ்வெண் பிற்காலத்தில் தேகப்பயிற்சிக்கும் அளவுகோலாயிற்று. 1957-இல் பின்லாந்து நாட்டுக் கார்வோனனும் அவர் துணைவரும் இளைஞர் சிலரை ஓட்டப் பயிற்சியில் ஈடுபடுத்தி ஆராய்ந்தனர். ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியிற் சுமார் 60 விழுக்காட்டைக் கடந்தபோதே அவர்களுக்குப் பயிற்சி பலனளித்தது. ஓய்வில் 70, உச்சம் 180 என்றால், அந்த எல்லை 136 ஆகும். பழக்கமில்லாதவர்களுக்கு அதனினும் மெதுவான நடையே நன்மை தரும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

உச்சத்தை அறிவது எங்ஙனம்? 220-இலிருந்து வயதைக் கழிக்க என்னும் விதி 1971-இல் அமெரிக்க அறிஞர் பாக்ஸ் முதலியோர் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. அது தனியானதொரு சோதனையின் முடிவன்று. பலர் திரட்டிய கணக்குகளை ஒருங்கே நோக்கிக் கூறிய தோராயமே. 2001-இல் தனக்காவும் அவர் குழுவினரும், வயதில் பத்தில் ஏழு பங்கை 208-இலிருந்து கழிக்கச் சொன்னார்கள். நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே விடை தரும். எழுபதிலோ ஒன்று 150, மற்றது 159! ஒரே வயதினருக்குள்ளும் பத்துத் துடிப்புக்கு மேல் வேறுபாடு இருத்தல் இயல்பு. இரத்த அழுத்தத்திற்கு அளிக்கப்படும் சில மருந்துகள் துடிப்பைத் தாழ்த்துவதால், அவற்றை உண்போருக்கு இக்கணக்குப் பொருந்தாது.

இதை அறியாதார் சிலர் எண்ணுக்கு அஞ்சி நடையையே கைவிடுகின்றனர்; சிலர் எண்ணை எட்டுவதற்கென்றே உடலை வருத்துகின்றனர். நாற்காலியில் அமர்ந்தே நாளைக் கழிக்கும் நமக்கு இரண்டும் தீங்கே. நடக்கும்போது பேச இயன்று, பாட இயலாதிருப்பின் அதுவே நடுத்தரமான உழைப்பு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ, கடிகாரம் எதைக் காட்டினும், உடனே நின்று வைத்தியரை நாடுவோமாக.