கோட்டை மதில்களும் ஸனது இல்லாத கதைகளும்



வட இந்தியாவின் கோட்டைகளையும் அரண்மனைகளையும் நேரில் காண வேண்டும் என்பது நமது நெடுநாள் அவா. இறையருளால், நம் மஹல்லாவின் அன்பர்கள் சிலருடன் ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, ஆம்பேர், ஜெய்ப்பூர், தில்லி ஆகிய இடங்களுக்குச் சென்று வரும் வாய்ப்பு கிட்டியது. பயணக் கதையை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. ஓர் இளைஞர் கேட்ட கேள்வியும், அதற்கு விடை தேடியபோது நாம் கற்ற பாடமுமே இக்கட்டுரை.

ஆக்ராக் கோட்டையில் முஸம்மன் புர்ஜ் என்னும் எண்கோண மாடத்தருகே நின்றிருந்தோம். யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மஹால் வெண்மேகம் போல் தெரிந்தது. “இதைக் கட்டிய கலைஞர்களின் கைகளை மன்னர் வெட்டிவிட்டார்” என்று கூறிவிட்டு வழிகாட்டி அடுத்த இடத்திற்கு நகர்ந்தார். நம்முடன் வந்த கல்லூரி மாணவர் முகம் வாடி, “ஹஜ்ரத், இது உண்மையா? கல்லூரியிலும் இதைச் சொல்லித்தான் கேலி செய்கிறார்கள்” என்றார். “இருக்காது தம்பி” என்று மட்டுமே அப்போது நம்மால் சொல்ல முடிந்தது. அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஒரு செய்தி வந்தால் ‘யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்? அவர் நம்பத்தக்கவரா?’ என்று வினவுவதே மதரஸாவில் நாம் கற்ற முறை. ஹதீஸ் கலையில் இதனை ஸனது, அதாவது அறிவிப்பாளர் தொடர், என்கிறோம். ஸனது இல்லாத செய்தி எவ்வளவு அழகாக இருப்பினும் நிற்காது. மார்க்கச் செய்திகளுக்கு இவ்வளவு கவனம் காட்டும் நாம், வரலாற்றுச் செய்திகளை மட்டும் ஏன் கேட்டவாறே நம்புகிறோம்? இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கண்ட இடங்களை மீண்டும் ஒரு முறை சுற்றி வருவோம்.

ஆக்ரா

ஆக்ராவில் இருந்த பழைய செங்கல் கோட்டையின் இடத்தில் இன்றைய செம்மணற்கல் கோட்டையை எழுப்ப 1565-இல் அக்பர் ஆணையிட்டார். பணி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நடந்தது. மதிலின் சுற்றளவு சுமார் இரண்டரை கிலோமீட்டர். வங்காள, குஜராத் பாணிகளில் இங்குக் கட்டடங்கள் எழுந்தன என்று அக்பரின் அவை அறிஞர் அபுல் ஃபஸ்ல் குறித்துள்ளார். ஜஹாங்கீரி மஹாலின் கல் தாங்கிகளைப் பார்ப்பவர்க்கு அக்கூற்றின் உண்மை விளங்கும். ஆணையிட்டவர் முகலாயர். உளி பிடித்த கைகளோ இந்நாட்டின் பல பகுதிகளையும் பல சமயங்களையும் சேர்ந்தவை.

இனி, வெட்டப்பட்ட கைகளின் கதைக்கு வருவோம். ஷாஜஹான் கால நூல் எதிலும் இதற்கு ஆதாரம் இல்லை. எதிரான சான்றுகளோ பல உள்ளன. தாஜ்மஹாலின் எழுத்தணிக் கலைஞர் ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான். அவர் தம் பெயரை அக்கட்டடத்திலேயே பொறித்திருக்கிறார். அதன் பின்னர் பஞ்சாபில் அமிர்தசரஸ் அருகே தம் செலவில் ஒரு சராய் கட்டி, அதன் எழுத்துகளையும் தாமே வரைந்தார். அந்தச் சராய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கட்டடக் கலைஞர் உஸ்தாத் அஹ்மத் லாஹோரியோ தாஜின் பணி முற்றுப்பெறும் முன்பே தில்லிச் செங்கோட்டைப் பணியிலும் அமர்த்தப்பட்டார். தம் தந்தையின் இவ்விரு பணிகளையும் அவருடைய மகன் லுத்ஃபுல்லாஹ் தம் கவிதையில் குறித்துள்ளார். கைகளை இழந்தவர்களா அடுத்த கட்டடத்தை எழுப்பினார்கள்?

நிலத்தைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. தாஜ் எழுந்த இடம் ஆம்பேர் மன்னர் ராஜா மான்சிங்கின் வழித்தோன்றலான ராஜா ஜெய்சிங்கிற்கு உரியது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஷாஜஹானின் அவை வரலாறான பாத்ஷா நாமாவே வெளிப்படையாகக் கூறுகிறது. அதற்கு ஈடாக ஆக்ராவில் நான்கு மாளிகைகள் ராஜாவுக்கு அளிக்கப்பட்டதை 1633 டிசம்பர் மாதத்து ஃபர்மான் தெரிவிக்கிறது. மக்ரானாச் சுரங்கத்திலிருந்து சலவைக்கல் அனுப்புமாறு அதே ராஜாவுக்கு எழுதப்பட்ட ஆணைகளும் உள்ளன. இவை இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், ஜெய்ப்பூர் அரச குடும்பத்தார் தங்கள் ‘கபட் துவாரா’ என்னும் சேமிப்பில் அவற்றைப் பேணி வந்ததே. ஒரு முஸ்லிம் மன்னரின் மீதான பழிக்கு விடை கூறும் காகிதத்தைப் பல தலைமுறைகளாகக் காத்து வைத்தது ஓர் இந்து அரச குடும்பம்!

அதே வேளை, அளவுகோல் இரு பக்கமும் நேராக இருக்க வேண்டும். தாஜின் பணி தொடங்கிய 1632-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குஜராத்தையும் தக்காணத்தையும் கொடும் பஞ்சம் வாட்டியது. இதுவும் அவ்வவை வரலாற்றிலேயே உள்ளது. கோட்டைகளுக்கும் மாளிகைகளுக்கும் செலவான பொருள் உழவர் செலுத்திய வரியே. மேலும், முஸம்மன் புர்ஜ் அமைந்த இதே கோட்டையில் 1658 முதல் 1666-இல் இறக்கும் வரை ஷாஜஹானைச் சிறை வைத்தவர் அவருடைய மகன் ஔரங்கசீப். 1659-இல் மூத்த சகோதரர் தாரா ஷுகோஹ் கொல்லப்பட்டார். தந்தையின் இறுதி நாள்வரை உடனிருந்து பணிவிடை செய்தவர் மகள் ஜஹானாரா. தில்லி நிஜாமுத்தீனில் அவருடைய கப்ரின் மேல் கூரையும் இல்லை, குவிமாடமும் இல்லை, புல்தான் வளர்கிறது. பெருமை பேசும் நாவுக்கு இந்தக் காட்சி ஒரு கடிவாளம்.

ஃபதேபூர் சிக்ரி

இங்கு நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பெருமைக்காகக் கட்டிய நகரம், தண்ணீர் இன்றிப் பதினைந்து ஆண்டுகளில் பாழாயிற்று’ என்று ஜும்ஆ பயானில் நாமே கூறியிருக்கிறோம். கேட்போர் உள்ளம் உருகும் கதைதான். ஆயினும் அது முழு உண்மையன்று.

1571-இல் அக்பர் இந்நகரை எழுப்பத் தொடங்கினார். அருகில் பெரிய ஏரி இருந்தது. 1582-இல் அதன் கரை உடைந்ததும் மெய்யே. ஆனால் 1585-இல் அக்பர் புறப்பட்டது வடமேற்கு எல்லையின் அரசியல் காரணமாக. காபூலை ஆண்ட அவருடைய தம்பி மிர்ஸா ஹகீம் அவ்வாண்டு இறந்தார். அக்பர் லாகூரைத் தலைமையிடமாக்கி நெடுங்காலம் அங்கேயே தங்கிவிட்டார். 1619-இல் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவியபோது ஜஹாங்கீர் சில மாதங்கள் சிக்ரியில் வந்து தங்கினார். தண்ணீரே இல்லாத ஊரில் ஒரு பேரரசரும் அவர் பரிவாரமும் மாதக்கணக்கில் தங்க இயலுமா?

‘ஜோதா பாய் மாளிகை’ என்று ஒரு கட்டடத்தைக் காட்டுகிறார்கள். 1562-இல் அக்பர் மணந்த ஆம்பேர் இளவரசி, ஜஹாங்கீரின் தாயார், மர்யம் உஸ்ஸமானி என்ற பட்டத்தால் அறியப்படுபவர். ஜோதா பாய் என்னும் பெயர் அவருக்கு அக்கால நூல்களில் இல்லை. ஜோத்பூரிலிருந்து வந்து ஜஹாங்கீரை மணந்து ஷாஜஹானைப் பெற்ற வேறோர் இளவரசிக்கே அப்பெயர் பொருந்தும். திரைப்படம் வந்தபின் பழைய தவறு மேலும் வேரூன்றிவிட்டது.

பெரும் வாயிலான புலந்த் தர்வாஸா குஜராத் வெற்றியின் சின்னம் என்பர். அதிலுள்ள கல்வெட்டோ ஹிஜ்ரி 1010-ஐயும் (கி.பி. 1601) தக்காண, காந்தேஷ் வெற்றியையும் குறிக்கிறது. அதே வாயிலில், இவ்வுலகம் தங்கும் இடமன்று என்னும் கருத்துடைய வாசகம் ஈஸா நபி (அலை) அவர்கள் பெயரால் பொறிக்கப்பட்டுள்ளது. வெற்றியையும் நிலையாமையையும் ஒரே வாயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆம்பேரும் ஜெய்ப்பூரும்

ஆம்பேர்க் கோட்டை அரண்மனையை 1592 அளவில் ராஜா மான்சிங் கட்டத் தொடங்கினார். பின்வந்தோர் விரிவாக்கினர். மாவோட்டா ஏரியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது மலையே மாளிகையானது போல் தோன்றும். உள்ளே ராஜபுத்திர அந்தப்புரமும் உண்டு, ‘திவானே ஆம்’ என்ற பாரசீகப் பெயருடைய பொது மண்டபமும் உண்டு. கண்ணாடித் துண்டுகள் பதித்த ஷீஷ் மஹாலும் உண்டு.

1576-இல் ஹல்திகாட்டிப் போரில் அக்பரின் படைக்குத் தலைமை ஏற்றவர் இந்த மான்சிங்தான். எதிர்நின்ற மேவார் மன்னர் ராணா பிரதாப்பின் தளபதிகளுள் ஒருவர் ஹகீம் கான் சூர் என்னும் ஆப்கானிய முஸ்லிம். அதை ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரோடு நடத்திய போர் என்று கூறுவோர், இவ்விருவரையும் எங்கே நிறுத்துவார்கள்?

இதே மரபில் வந்த இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727-இல் ஜெய்ப்பூர் நகரை நிறுவினார். அங்கு அவர் அமைத்த ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். சாம்ராட் யந்திரம் என்னும் சூரியக் கடிகாரத்தின் உயரம் சுமார் 27 மீட்டர். இரண்டு வினாடி வரை நேரத்தைக் கணிக்க வல்லது. நிழல் கண்ணெதிரே நகர்கிறது! முற்றத்தில் குச்சி நட்டு, நிழல் ஒரு பங்கா இரு பங்கா என்று அஸர் நேரம் பார்க்கக் கற்ற நமக்கு அது பழகிய கல்வியின் பேருருவாகவே தோன்றியது. உண்மையும் அதுவே. சமர்கந்தில் உலுக் பேக் நடத்திய ஆய்வுகளைக் கற்றவர் ஜெய்சிங். அவர் தம் கணிப்புகளைப் பாரசீக மொழியில் தொகுக்கச் செய்து முகலாய மன்னர் முஹம்மத் ஷாவின் பெயரைச் சூட்டினார். அரபு மொழியிலிருந்த வானியல் நூலை வடமொழியில் பெயர்க்கவும் செய்தார்.

தில்லி

செங்கோட்டை 1639-இல் தொடங்கி 1648-இல் நிறைவுற்றது. இன்று நாம் காண்பது அதன் எச்சமே. 1857 கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் ஆங்கிலேயர் உள்ளிருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினர். அதற்கு முந்தைய வரைபடங்கள் எஞ்சியிருப்பதால்தான் எங்கே எது நின்றது என்று அறிய முடிகிறது. 1858-இல் திவானே காஸ் மண்டபத்தில், தம் முன்னோர் தர்பார் நடத்திய இடத்திலேயே, முதியவரான பகதூர்ஷா ஜஃபர் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார்.

1945-இல் அதே கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் மூவர்மீது விசாரணை நடந்தது. ஷாநவாஸ் கான், பிரேம் குமார் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் — ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரளான தமிழர்கள் சேர்ந்திருந்த படை அது. சுதந்திர இந்தியாவின் கொடியை நேரு இக்கோட்டையில் முதன்முதலாக ஏற்றியது 1947 ஆகஸ்ட் 15 என்றே பலரும் எண்ணுகிறோம். அது ஆகஸ்ட் 16 ஆகும்.

ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்ட ஜஃபர் 1862 நவம்பர் 7-இல் இறந்தார். இடம் தெரியாதவாறு அடக்கம் செய்து மேலே புல் பதித்துவிட்டனர். அங்கு எழுந்த நினைவிடத்தில் 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் மரியாதை செலுத்தினார். ஆயினும் மெய்யான கப்ரு இருந்த இடம் 1991-இல் வடிகாலுக்காகத் தோண்டியபோதுதான் தெரிய வந்தது. குறித்து வைக்க விடாமல் செய்தால், ஒரு பேரரசின் கடைசி மன்னருடைய கப்ரும் நூற்றாண்டுக்கு மேல் தொலைந்து போகும்.

நமக்குரிய பாடம்

ஊர் திரும்பியபின் அந்த மாணவரை அழைத்து, மேற்கண்ட சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தோம். கேட்டு முடித்தவர், “நம் பள்ளிவாசல் யார் கொடுத்த இடத்தில் இருக்கிறது ஹஜ்ரத்? அதற்குப் பத்திரம் இருக்கிறதா?” என்றார். நாம் வாயடைத்துப் போனோம். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், காகிதத்தைக் கண்டதில்லை. தாஜ்மஹாலின் நிலத்திற்கு ஸனது தேடிய நாம் நம் காலடி நிலத்திற்குத் தேடவில்லை!

எனவே ஜமாஅத்தாருக்கு நம் பணிவான வேண்டுகோள். வக்ஃப் சாசனங்கள், பட்டாக்கள், பழைய வரவு செலவுக் கணக்குகள், கூட்ட நடவடிக்கைப் புத்தகங்கள், நிகாஹ் பதிவேடுகள் ஆகியவை நிர்வாகிகள் சிலரின் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் சிதறிக் கிடக்கின்றன. கரையானுக்கு இரையாகும் முன் அவற்றைத் திரட்டி, நகலெடுத்து, ஒரே இடத்தில் காக்க வேண்டும். கப்ருஸ்தானின் எல்லையை அறிந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். பிறர் கூறும் பழிக்குக் கோபம் விடையன்று. நாம் கூறும் பெருமைக்குக் குரல் வலிமை சான்றன்று. இரண்டுக்கும் காகிதம் வேண்டும்.

கோட்டை கட்டும் வல்லமை நமக்கில்லை. ஒரு பதிவேட்டைக் காக்கும் வல்லமை நம் அனைவர்க்கும் உண்டு. உள்ளதை உள்ளவாறு அறியவும், அறிந்ததை அடுத்த தலைமுறைக்குச் சேர்க்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.